திட்டு விழும் என்ற பயம்

2018 மே மாதம், குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்னையிலிருந்து புறப்பட்ட ஒரு குடும்பம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நின்றது. வண்டியிலிருந்த 65 வயது மூதாட்டி, தெருவிலிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கும் கும்பல் மாவட்டத்துக்குள் புகுந்துவிட்டது என்ற வதந்தி அப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை நம்பியவர்கள் அந்தக் குடும்பத்தை விரட்டிப் பிடித்து அடித்தார்கள். மூதாட்டி இறந்துபோனார்.

இணையத்தில் குழந்தைகளைக் குறிவைப்பவர்களைப் பற்றி எழுத உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சாவுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. பிள்ளை பிடிக்கிறவனைப் பற்றி நம் மனதில் ஒரு சித்திரம் உண்டு. அவன் வெளியூர்க்காரன், மிட்டாய் காட்டுவான், சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு போவான். பாட்டி சோறூட்டும்போது காட்டிய பூச்சாண்டிக்கு நாம் கொடுத்த வளர்ந்த உருவம் அது. அந்தச் சித்திரத்தை நம்பி ஓர் ஊரே தெருவில் இறங்கி, தவறே செய்யாத ஒருவரைக் கொன்றது. அந்த வதந்தியைச் சுமந்துவந்த அதே கைபேசிக்குள் வேறு வகையான ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை அடையாளம் காட்ட நம்மிடம் அன்றும் சொல் இல்லை, இன்றும் இல்லை. ஆங்கிலத்தில் ‘குரூமிங்’ என்கிறார்கள். தமிழில் அதற்கு நிலைத்த ஒரு சொல் இன்னும் அமையவில்லை. ‘பழகிக் கெடுப்பது’ என்று கிராமத்தில் சொல்வதுதான் பொருளுக்கு மிக அருகில் வருகிறது. இந்தக் கட்டுரையில் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

பழகிக் கெடுப்பவன் யார் என்பதில் நாம் முதலில் திருத்திக்கொள்ள வேண்டிய எண்ணம் ஒன்று உண்டு. ஐம்பது வயதுக்காரன் பதினைந்து வயதுப் பையனாக வேடமிட்டு வருகிறான் என்பதே பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் வோலக், டேவிட் ஃபிங்கெல்ஹோர் ஆகியோர் காவல்துறை கையாண்ட வழக்குகளை ஆராய்ந்து, 2008-ல் விரிவாக ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தன்னைப் பதின்வயதினனாகக் காட்டிக்கொண்ட குற்றவாளிகள் வெறும் 5 சதவீதம்தான் என்று அது கண்டது. மற்றவர்கள் பெரியவர்களாகவே வந்தார்கள். பாதிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லாருமே 13 முதல் 17 வயதினர். நேரில் சந்தித்தவர்களில் பெரும்பாலோர் ஒரு முறைக்கு மேல் சந்தித்திருந்தார்கள். காதல் என்றே அவர்கள் நம்பியிருந்தார்கள். ‘முன்பின் தெரியாதவரிடம் பேசாதே’ என்று நாம் சொல்லி அனுப்பும் அறிவுரை இங்கே எதையும் தடுக்காது. மூன்று வாரம் தினமும் பேசியவர் எந்தப் பிள்ளைக்கும் முன்பின் தெரியாதவர் இல்லை.

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ல் வெளியிட்ட ஆய்வையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். ஏதோ ஒரு வகையில் பாலியல் சீண்டலுக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53.22 சதவீதம். செய்தவர்களில் பாதிப் பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது குழந்தை நம்ப வேண்டிய இடத்தில் இருந்தவர்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரிடமும் சொல்லவில்லை. ஸ்மார்ட்போன் நம் வீடுகளுக்குள் வருவதற்கு முன்பே எடுக்கப்பட்ட கணக்கு இது. அந்த மௌனம் இணையத்தால் உண்டானது அல்ல. ஏற்கெனவே நம் வீடுகளில் இருந்ததை இணையம் பயன்படுத்திக்கொண்டது.

எத்தனை பேர் அந்தப் பக்கத்தில் காத்திருக்கிறார்கள்? 2013-ல் நெதர்லாந்தின் ‘தெர் தெஸ் ஓம்’ தொண்டு அமைப்பு ஒரு சோதனை செய்தது. ஸ்வீட்டி என்ற பெயரில், பத்து வயதுப் பிலிப்பைன்ஸ் சிறுமியின் கணினி உருவத்தை உருவாக்கி அரட்டை அறைகளில் விட்டது. பத்து வாரத்தில் 20,000-க்கும் மேற்பட்டோர் அந்த உருவத்தைத் தேடி வந்தார்கள். அவர்களில் 71 நாடுகளைச் சேர்ந்த 1,000 பேரின் விவரங்களை அந்த அமைப்பு திரட்டிக் காவல்துறையிடம் கொடுத்தது. ஒரே ஒரு பொய்ச் சிறுமிக்கு இவ்வளவு கூட்டம்.

பழகிக் கெடுப்பது எப்படி நடக்கிறது என்பதை 2003-லேயே ரேச்சல் ஓ’கானல் என்ற ஆய்வாளர் படிப்படியாக எழுதிவைத்தார். இங்கிலாந்தின் சென்ட்ரல் லங்காஷயர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், குழந்தை போலவே அரட்டை அறைகளுக்குள் நுழைந்து, வந்தவர்கள் பேசியதைப் பதிவுசெய்தார். முதலில் நட்பு. அடுத்து, வீட்டையும் பள்ளியையும் பற்றிய அக்கறையான விசாரிப்பு. மூன்றாவது கட்டத்துக்கு அவர் தந்த பெயர் ‘ஆபத்தை அளந்து பார்த்தல்’. அதாவது, தான் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு எவ்வளவு என்று அந்த ஆள் போடும் கணக்கு. இந்தப் போனை வேறு யார் எடுப்பார்கள், அப்பா எப்போது வீட்டில் இருப்பார், அம்மா மெசேஜ் எல்லாம் பார்ப்பாரா? அதற்குப் பிறகு ‘நமக்குள் மட்டும்’ என்ற தனிமை. பாலியல் பேச்சு கடைசியில்தான் வருகிறது.

இருபது ஆண்டுகளில் கருவிகள் மாறின, இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. இன்று அது ஒரு விளையாட்டுச் செயலியில் தொடங்கலாம். ‘செமயா ஆடுற’ என்று ஒரு பாராட்டு, விளையாட்டுக்குள் செலவழிக்கும் காசில் கொஞ்சம் அன்பளிப்பு. பிறகு, ‘இங்க வேணாம், வேற ஆப்ல பேசலாம்’. வீட்டில் சண்டை நடந்த இரவில் ஆறுதல். ‘உன் வயசுக்கு உனக்கு ரொம்ப பக்குவம்’ என்ற வாக்கியம். நம் வீட்டில் பதினான்கு வயதுப் பிள்ளையைப் பார்த்து இதை யாராவது சொல்கிறோமா? ‘உனக்கு என்ன தெரியும்’ என்பதைத்தான் நாள் முழுக்கச் சொல்கிறோம். பிறகு ஒரு படம் கேட்கப்படுகிறது. முதல் படம் சாதாரணமானது. அடுத்தது அப்படி இல்லை. அந்த ஒன்று கைக்குப் போன நிமிடத்தில் குரல் மாறுகிறது.

அந்த மிரட்டல் என்ன சொல்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘போலீஸில் மாட்டிவிடுவேன்’ என்று அது சொல்வதில்லை. ‘உங்க அப்பாவுக்கு அனுப்பிடுவேன்’, ‘உன் கிளாஸ் குரூப்ல போட்டுடுவேன்’ என்கிறது. மிரட்டுபவன் கையில் படம் மட்டும் இருந்தால் போதாது. படத்தைப் பார்த்தால் அப்பா என்ன செய்வார் என்ற பிள்ளையின் பயமும் அவனுக்கு வேண்டும். அந்தப் பயத்தை அவன் உண்டாக்குவதில்லை. வீட்டில் தயாராக இருப்பதை எடுத்துக்கொள்கிறான். ஓ’கானல் எழுதிய மூன்றாவது கட்டத்தில் அவன் விசாரித்துத் தெரிந்துகொள்வதும் இதைத்தான்.

அண்மைக் காலத்தில் இதற்குப் பணம் பறிக்கும் வடிவம் ஒன்று வந்திருக்கிறது. இங்கே வேடம் உண்டு. பெண் பெயரில் கணக்கு, களவாடிய புகைப்படம். குறி பெரும்பாலும் பையன்கள். 7,000-க்கும் மேற்பட்ட புகார்கள், குறைந்தது 3,000 சிறார்கள், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தற்கொலைகள் என்று 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் 17 வயது மாணவன் ஒருவன், இரவில் தொடங்கிய உரையாடல் விடிவதற்குள் மிரட்டலாக மாறியதில் உயிரை மாய்த்துக்கொண்டான். கேட்ட பணத்தில் 300 டாலரை அவன் அனுப்பியும் இருந்தான். அது போதாது என்றார்கள். மிரட்டியவர்கள் நைஜீரியாவில் இருந்த சகோதரர்கள். அவர்களுக்குத் தலா பதினேழரை ஆண்டுச் சிறை 2024 செப்டம்பரில் விதிக்கப்பட்டது. அதே வீட்டில், கூப்பிடும் தூரத்தில் தந்தை இருந்தார். ஆறு மணி நேரம்தான். எந்தச் சட்டமும் எந்தச் செயலியும் அந்த ஆறு மணி நேரத்துக்குள் வந்து சேர்ந்திருக்காது. அந்தப் பையன் எழுந்து போய்க் கதவைத் தட்டியிருந்தால் மட்டுமே ஏதாவது மாறியிருக்கும்.

சட்டம் நம்மிடம் இல்லாமல் இல்லை. சொல்லப்போனால் சிலவற்றில் நாம் முன்னால் போனவர்கள். பாலியல் நோக்கத்தோடு குழந்தைகளுடன் இணையத்தில் உறவை வளர்ப்பதும் அதற்கு ஆசை காட்டுவதும் குற்றம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவு சொல்கிறது. 2009 அக்டோபரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. முதல் முறைக்கு ஐந்து ஆண்டு வரை சிறை. இங்கிலாந்தில் குழந்தையிடம் பாலியல் நோக்கத்தோடு செய்தி அனுப்புவதையே குற்றமாக்கும் பிரிவு 2017 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. 2012-ன் போக்சோ சட்டத்தில், மின்னணு வழியில் குழந்தையைத் தொடர்ந்து தொடர்புகொண்டு தொல்லை தருவதும், உண்மையான அல்லது ஒட்டுவேலை செய்த படத்தைக் காட்டி மிரட்டுவதும் 11-வது பிரிவில் பெயர் சொல்லியே குறிக்கப்பட்டுள்ளன. செயற்கை நுண்ணறிவால் நிர்வாணப் படம் தயாரித்து மிரட்டும் இன்றைய நிலைமைக்கும் அந்தச் சொற்கள் பொருந்துகின்றன.

2024-ல் சென்னையிலிருந்து கிளம்பிய வழக்கு ஒன்று இந்தச் சட்டத்தைத் தெளிவாக்கியது. குழந்தைகள் பாலியல் ரீதியாகப் பயன்படுத்தப்படும் காணொளிகளைக் கைபேசியில் வைத்திருந்த இளைஞர் ஒருவர் மீதான வழக்கை, தனியாகத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு ஜனவரியில் ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றத்தின் அன்றைய தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட், நீதிபதி ஜே.பி. பர்திவாலா அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அப்படிப்பட்ட பதிவை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருப்பதிலிருந்து பகிரும் எண்ணத்தை ஊகிக்க இடமுண்டு என்று விளக்கியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. ‘சைல்டு போர்னோகிராஃபி’ என்ற சொல்லை நீதிமன்றங்கள் இனிப் பயன்படுத்தக் கூடாது, சட்டத்திலும் மாற்ற வேண்டும் என்று அமர்வு சொன்னது. அந்தச் சொல்லில், குழந்தை ஏதோ ஒப்புக்கொண்டு நடித்தது போன்ற தொனி இருக்கிறது. உள்ளே இருப்பதோ ஒரு குற்றத்தின் பதிவு. தமிழ்ச் செய்தித்தாள்கள் இன்னமும் ‘குழந்தைகள் ஆபாசப் படம்’ என்றே எழுதுகின்றன. ஆபாசம் என்ற சொல் படத்தில் இருக்கும் பிள்ளை மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து பேசத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த வழக்கு தொடங்கிய விதமும் தெரிந்துகொள்ள வேண்டியது. அமெரிக்காவில் 1984-ல் தொடங்கப்பட்ட, காணாமற்போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையத்துக்கு, அந்நாட்டு இணைய நிறுவனங்கள் தம் தளங்களில் காணும் இத்தகைய பதிவுகளைச் சட்டப்படி தெரிவிக்க வேண்டும். 2019 ஏப்ரலில் நம் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் அந்த மையத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. இந்தியாவுக்குரிய தகவல்கள் டெல்லிக்கு வந்து, அங்கிருந்து மாநிலக் காவல்துறைக்கும் இந்த வழக்கு பதிவான அம்பத்தூர் மகளிர் காவல் நிலையம் போன்ற இடங்களுக்கும் இறங்குகின்றன. 2022-ல் மட்டும் இந்தியாவுடன் தொடர்புடையவை என்று அந்த மையம் கணக்கிட்ட தகவல்கள் 56 லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு இந்தியா முழுவதும் குழந்தைகளுக்கு எதிரான இணையக் குற்றங்களாகப் பதிவான வழக்குகள் 1,823. இரண்டையும் நேராக ஒப்பிடுவது சரியாகாது. ஒரே காணொளி ஆயிரம் முறை பகிரப்பட்டால் ஆயிரம் தகவலாகும். விவரமறியாமல், அதிர்ச்சியில் பகிர்ந்தவர்களும் அதில் உண்டு. அந்தத் தள்ளுபடிகளையெல்லாம் கழித்த பிறகும் இடைவெளி மலைக்கும் மடுவுக்குமாகவே இருக்கிறது.

நிறுவனங்களின் இயந்திரங்கள் கண்டுபிடிப்பவற்றில் மிகப் பெரும்பகுதி ஏற்கெனவே தெரிந்த படங்கள். 2009-ல் மைக்ரோசாஃப்டும், டார்ட்மத் கல்லூரியில் அப்போது இருந்த ஹேனி ஃபரீதும் உருவாக்கிய ‘ஃபோட்டோடிஎன்ஏ’ ஒவ்வொரு படத்துக்கும் கைரேகை போல ஓர் எண்ணைத் தந்து, அதே படம் மறுபடி எங்கே வந்தாலும் பிடிக்கிறது. அருமையான கருவி. ஆனால் நேற்றிரவு முதல்முறையாக ஒரு பிள்ளையிடம் கேட்டு வாங்கிய படத்துக்கு எங்கும் கைரேகை பதிவாகியிருக்காது. பழகிக் கெடுக்கும் பேச்சுக்கு அறவே இல்லை. ‘சாப்பிட்டியா’, ‘ஏன் சோகமா இருக்க’ என்பவற்றில் குற்றம் எது, அன்பு எது என்று எந்த இயந்திரம் பிரிக்கும்? மெசஞ்சர் போன்ற சேவைகள் முழு மறையாக்கத்துக்கு மாறியபின் உரையாடலின் உள்ளே நடப்பது நிறுவனத்துக்கே தெரியாது. வேறு பல காரணங்களுக்காக மறையாக்கம் எனக்கு வேண்டும். ஆனால் குழந்தைக் கணக்குகளைப் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பதையும், அறிமுகமில்லாத பெரியவர் குழந்தைக்குச் செய்தி அனுப்புவதையும் தடுக்க உரையாடலைத் திறந்து படிக்கத் தேவையில்லை. அதை இயல்பு அமைப்பாகவே வைக்கலாம். அதை இவ்வளவு காலம் செய்யாமல் இருந்ததற்கு நிறுவனங்கள் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்று தடுத்துவிட்டது. 2025 டிசம்பர் 10 முதல் அது நடைமுறை. இங்கேயும் அப்படி வேண்டும் என்ற குரல் எழுகிறது. தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளில் போன் யாருடையது என்று பார்த்துவிட்டுப் பேசுவோம். சிம் அப்பா பெயரில். கணக்கு அம்மா பெயரில். மாலையில் அது பிள்ளைகள் கையில். வயதைச் சோதிக்கும் எந்தக் கதவும் அங்கே 42 வயது அம்மாவைத்தான் பார்க்கும்.

ஆகவே திரும்பத் திரும்ப வீட்டுக்குத்தான் வர வேண்டியிருக்கிறது. கிழக்கு, தென் ஆப்பிரிக்கப் பகுதிகளிலும் தென்கிழக்கு ஆசியாவிலுமாக 13 நாடுகளில் யுனிசெஃப், இன்டர்போல், எக்பாட் சேர்ந்து நடத்திய ஆய்வில், இணையவழிச் சீண்டலுக்கு ஆளான குழந்தைகளில் காவல்துறையிடமோ உதவி எண்ணிடமோ போனவர்கள் மிகச் சிலர். யாரிடமுமே சொல்லாதவர்கள் ஏராளம். காரணம் தேட நான் தொலைவுக்குப் போக மாட்டேன். நம் வீட்டில் ஒரு பெண் பிள்ளை வந்து சொன்னால் முதலில் என்ன நடக்கிறது? போன் பிடுங்கப்படுகிறது. ‘நீ ஏன் பேசின?’ என்ற கேள்வி விழுகிறது. டியூஷன் நிற்கிறது. சில வீடுகளில் படிப்பே நிற்கிறது, மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குகிறார்கள். பையன் வந்து சொன்னால் ‘ஆம்பளப் பையன் இதுக்கெல்லாமா’ என்ற ஏளனம். தண்டனை முதலில் சொன்னவர் மேல்தான் இறங்குகிறது. இது எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். மிரட்டுபவனுக்கும் தெரியும்.

வெளியுலகமும் இதில் வீட்டுக்குச் சளைத்ததல்ல. பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கை நாம் மறந்திருக்க மாட்டோம். பாதிக்கப்பட்டவர்களில் பலர் கல்லூரி வயதுப் பெண்கள். ஆனாலும் வழி அதேதான்: ஃபேஸ்புக் நட்பு, நம்பிக்கை, காணொளி, மிரட்டல். 2019 பிப்ரவரியில் ஒரு பெண் துணிந்து புகார் கொடுத்தபின் அவருடைய அடையாளம் அதிகாரிகள் வாயிலிருந்தே வெளியே வந்தது. அரசாணையிலும் அவர் பெயர் இருந்தது. அவருக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த ஒரு தவறு எத்தனை பெண்களின் வாயை அடைத்திருக்கும் என்று எந்த நீதிமன்றமும் கணக்கிட முடியாது. அதையும் மீறி எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறை என்று கோவை மகளிர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சொன்னார். பெயரை மறைத்து, கூடவே நின்றால் பேசுவார்கள் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

2021 மே மாதத்தையும் நினைத்துப் பாருங்கள். சென்னையில் ஒரு பள்ளி ஆசிரியர் ஆன்லைன் வகுப்புகளில் நடந்துகொண்ட விதத்தை மாணவிகளும் முன்னாள் மாணவிகளும் சமூக ஊடகத்தில் எழுதினார்கள். அதன்பின்தான் கைது நடந்தது, அடுத்தடுத்த பள்ளிகளிலிருந்தும் குரல்கள் கிளம்பின. ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்க அரசு ஆணையிட்டது. வீட்டிலும் பள்ளியிலும் சொல்ல முடியாததை அந்தப் பிள்ளைகள் அதே இணையத்தில்தான் சொன்னார்கள். போனைப் பிடுங்கி வைப்பதால் பாதுகாப்பு வந்துவிடும் என்பவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவின்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் எவராயினும் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும். ஆசிரியருக்கும் மருத்துவருக்கும் இது பொருந்தும். மறைத்தால் தண்டனை உண்டு. நல்ல நோக்கம்தான். ஆனால் ‘டீச்சர்கிட்ட சொன்னா போலீஸ் வந்துடும்’ என்று மாணவர்கள் நினைக்கும்போது அதுவும் இன்னொரு பயமாகிவிடுகிறது. இதைத் தீர்க்க வேண்டிய பொறுப்பு காவல்துறையிடமே இருக்கிறது. தன் படத்தைத் தானே அனுப்பிய பதினைந்து வயதுப் பிள்ளையைக் குற்றவாளிபோல் விசாரிக்கும் காவலர் ஒருவர் போதும், அந்தப் பள்ளியிலிருந்து இனி எந்தப் புகாரும் வராது. அனுப்பியது எதுவாக இருந்தாலும் அந்தப் பிள்ளை பாதிக்கப்பட்டவர் என்பதை ஒவ்வொரு மகளிர் காவல் நிலையத்திலும் எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டும்.

மிரட்டல் வந்துவிட்டால் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. பணம் அனுப்பாதீர்கள், கொடுத்தால் கேட்பது நிற்காது. உரையாடலை அழிக்காதீர்கள், அது சான்று. அந்தக் கணக்கின் பெயரோடு திரையைப் படம் பிடித்துவிட்டுப் பிறகு தடுங்கள். மேலே சொன்ன அமெரிக்கத் தேசிய மையம் நடத்தும் ‘டேக் இட் டவுன்’ சேவையில் 18 வயதுக்குட்பட்டோர் எந்த நாட்டிலிருந்தும் முறையிடலாம். படம் போனைவிட்டு வெளியே போகாது, அதன் கைரேகை எண் மட்டும் போய், சேர்ந்திருக்கும் தளங்களில் அந்தப் படத்தைத் தடுக்க உதவும். சைபர் குற்றத்துக்கான மத்திய அரசின் இணையதளத்தில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம். குழந்தைகள் உதவி எண் 1098. பள்ளிப் பிள்ளைகளுக்கு 14417. மனம் உடைந்திருந்தால் 14416.

இந்த எண்களைப் பிள்ளைக்குக் கொடுக்கும் முன், பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், சோறு போடும்போதோ வண்டியில் போகும்போதோ, இதைச் சொல்லுங்கள்: “யார்கிட்ட என்ன பேசியிருந்தாலும், என்ன அனுப்பியிருந்தாலும் என்கிட்ட வந்து சொல்லு. திட்ட மாட்டேன். போனைப் பிடுங்க மாட்டேன். படிப்பை நிறுத்த மாட்டேன்.” ஒருநாள் பிள்ளை வந்து சொல்லும்போது அந்த மூன்றையும் செய்யாமல் இருங்கள்.